புலி நாயின் சடை: பிரிப்பது, குளிப்பாட்டுவது, காயவைப்பது

நம் ஊரில் முடி கொஞ்சம் புசுபுசுவென்று இருந்தாலே சடைநாய் என்று சொல்லிவிடுவோம். நான் இங்கே சொல்லப் போவது நிஜமாகவே சடை விழுந்த நாயைப் பற்றி. தலையிலிருந்து வால் வரை கயிறு கயிறாகத் தொங்கும். ஓடும்போது அத்தனையும் எழும்பி எழும்பி விழும். சுருண்டு படுத்துவிட்டால் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று பெற்றவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். ஹங்கேரியின் ஆட்டு நாய் இது. பெயர் 'புலி'. உச்சரிப்பும் நம் புலியைப் போலத்தான், குறில் உகரத்தோடு.

வேலைக்காக டெப்ரெட்சென் நகரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். நகரத்தைத் தாண்டி மேற்கே போனால் ஹோர்டோபாஜ் புல்வெளி. முறுக்குக் கொம்பு வைத்த ராட்ஸ்கா ஆடுகளும், அவற்றை மடக்கிச் சுற்றிவரும் கறுப்பு நாய்களும் அந்த மண்ணின் அடையாளம். அங்கே ஒரு நாள் பார்த்த நாயை மறக்க முடியாமல்தான் கருப்பனை வாங்கினேன். இப்போது அவனுக்கு ஆறு வயது. பின்பக்கச் சடை தரையைத் தொட்டுவிட்டது. இந்த ஆறு வருடத்தில் என் கை கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். புதிதாக ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறவர்கள், அல்லது கொண்டுவந்துவிட்டு முடியைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

முதலில் ஒரு விஷயம். "சீவாமல் விட்டுவிட்டால் தானாகச் சடை விழுந்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். விழாது. சீவாமல் விட்டால் உடம்பு முழுக்க ஒரே அடையாக, கம்பளி விரிப்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடியில் தோல் மூச்சுவிட முடியாமல் புண்ணாகிவிடும். அந்த அடையை உரிய காலத்தில், உரிய அளவில், கையால் பிரித்துக்கொண்டே வந்தால்தான் சடை. சிக்கு விழ வைப்பது நாயின் முடி செய்யும் வேலை. எங்கே நிறுத்துவது என்பது நம் விரல் செய்யும் வேலை.

சடை எப்படி உண்டாகிறது

புலி நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. மேலே கொஞ்சம் முரட்டு முடி, அலையலையாக நீளும். உள்ளே பஞ்சு மாதிரி மெல்லிய முடி. மற்ற நாய்களுக்கு உள்முடி உதிர்ந்து தரையில் கிடக்கும், சோபாவில் ஒட்டும். புலிக்கு உதிரும் உள்முடி மேல்முடிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்வதுதான் சடையின் ஆரம்பம். சில நாய்களுக்குக் கயிறு போல உருண்டையாக வரும். சில நாய்களுக்கு நாடா போலத் தட்டையாக வரும். இரண்டும் சரிதான். தட்டையாக வருவதைப் பிடித்து உருட்டி உருண்டையாக்க முயல வேண்டாம்.

சடை விழும் இனங்கள் இன்னும் சில உண்டு. கொமொண்டோர் என்பது இதே ஹங்கேரியின் பெரிய வெள்ளைக் காவல் நாய். இத்தாலியின் பெர்கமாஸ்கோவுக்கு மூன்று வகை முடி கலந்து, சடை அகலமாகத் தட்டைத் தட்டையாகத் தொங்கும். ஸ்பெயினின் 'வாட்டர் டாக்' என்ற நாய் இனத்துக்குச் சுருட்டை முடி. ஆட்டுக்குக் கம்பளி கத்தரிக்கும்போதே அதற்கும் சேர்த்துக் கத்தரித்துவிடுவது அங்கே பழைய வழக்கம். சர்வதேச நாய்கள் கூட்டமைப்பின் இனவரையறையும் கண்காட்சிக்கு அதன் முடி 12 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்கிறது. பூடில் நாயின் சுருட்டை முடியையும் சடையாக வளர்க்கலாம். அதற்கு அதே கூட்டமைப்பு கேட்கும் நீளம் குறைந்தது 20 செ.மீ. நான் கைப்பட வளர்த்தது புலியைத்தான். அதனால் அதை வைத்தே சொல்கிறேன். பிரிக்கும் முறையும் காயவைக்கும் முறையும் சுருட்டை முடி நாய்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சடைதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அமெரிக்கக் கென்னல் கிளப் 1936-இல் இந்த இனத்தை ஏற்றது. அவர்கள் விதிப்படி சீவிவிட்ட முடியோடும் புலியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம். வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க முடியாது என்றால் சீவியோ கத்தரித்தோ வளர்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

எட்டு மாதம் வரை

குட்டியின் முடி பட்டு மாதிரி மென்மையாக இருக்கும். அந்த வயதில் முடிக்கு அதிகம் செய்ய ஒன்றுமில்லை. இலை, குப்பை ஒட்டினால் எடுத்துவிடுங்கள், அழுக்கானால் குளிப்பாட்டுங்கள், போதும். இந்தக் காலத்தில் செய்ய வேண்டிய பெரிய வேலை வேறு: நாய்க்குப் பக்கவாட்டில் படுத்துக்கிடக்கப் பழக்குவது. தினமும் ஐந்து நிமிடம் மடியிலோ பாயிலோ சாய்த்துப் படுக்கவைத்து, காதுக்குப் பின்னால், அக்குளில், தொடையின் உள்பக்கத்தில் விரலை விட்டுத் தடவிக் கொடுங்கள். அடங்கிக் கிடந்தால் ஒரு துண்டு தீனி. அப்புறம் மறுபக்கம் திருப்பிப் போட்டு அதையே செய்யுங்கள். இந்தப் பழக்கம் இல்லாத நாயோடு ஒரு வயதில் மல்லுக்கு நிற்பதை நினைத்தால், இந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரிய முதலீடு என்பது புரியும்.

நான் குட்டியை வாங்கியது ஒரு வயதான அம்மாவிடம். இங்கே பெரியவர்களான பெண்களை 'நேனி' என்று கூப்பிடுவார்கள், நம் அத்தை மாதிரி. கருப்பனை என் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னது: "சீப்பு வாங்காதே. நல்ல துண்டு இருபது வாங்கி வை." ஏன் என்று அன்று புரியவில்லை. பின்னால் புரிந்தது.

முதல் பிரிப்பு

எட்டு முதல் பத்து மாதத்துக்குள் ஒரு நாள் காதுக்குப் பின்னால் கைவைத்தால் மென்மைக்குப் பதில் அழுத்தமாக ஏதோ தட்டுப்படும். தட்டையாக, அடை தோசை போல. தொடையிலும் இடுப்பிலும் அடுத்தடுத்து வரும். இதுதான் அறிகுறி. அன்றிலிருந்து வேலை ஆரம்பம்.

முடி காய்ந்திருக்க வேண்டும். ஈர முடியைப் பிரித்தால் இழுபட்டு அறுந்துபோகும். நல்ல வெளிச்சத்தில் நாயைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொடை போதும், அல்லது ஒரு காதின் பின்பக்கம். முழு உடம்பையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் நாயும் வெறுக்கும், உங்கள் கட்டைவிரலும் வீங்கும்.

இனி நிதானமாகப் பாருங்கள். அடையின் நுனிப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடியுங்கள். நுனியில் முடி தானாகவே இரண்டு மூன்று கற்றையாகப் பிரிந்திருக்கும். எங்கே பிரிய விரும்புகிறது என்பதை முடியே காட்டும். அந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் நுழைத்து, பலாச்சுளையைப் பிளப்பது போல மெல்ல விலக்குங்கள். 'சர்ர்' என்று பஞ்சு கிழியும் சத்தம் கேட்கும். நாய்க்கு அது வலிக்காது, தோலை இழுக்காதவரை. தோல் பக்கம் நெருங்கும்போது ஒரு கையால் அடிமுடியைத் தோலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் விலக்குங்கள். இழுப்பு உங்கள் விரலோடு நின்றுவிடும்.

தோல் வரை போக வேண்டும். இதில்தான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். வெளியே பார்க்கத் தனித்தனி சடையாக இருக்கும். அடியில் ஒரு விரற்கடை ஆழத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டே இருக்கும். தலை வாரும்போது வகிடு எடுப்போமே, அந்த மாதிரி இரண்டு சடைக்கு நடுவே தோல் கோடாகத் தெரிந்தால்தான் அந்தப் பிரிப்பு முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்த கேள்வி, எவ்வளவு தடிமன் என்பது. என் கணக்கு இது: ஒவ்வொரு சடையின் அடியிலும் உங்கள் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் இருக்கட்டும். அப்படிப் பிரித்தால் சடை பென்சில் தடிமனுக்கும் சுண்டுவிரல் தடிமனுக்கும் இடையில் நிற்கும். அழகுக்காக மெல்லிசாகப் பிரித்துவிடாதீர்கள். சடை நீண்டு கனம் கூடும்போது வேரோடு பிய்ந்து விழும், அங்கே வழுக்கை தெரியும். ரொம்பத் தடிமனாக விட்டாலோ, குளித்த பிறகு உள்ளே ஈரம் காயாது. பூடில் போல முடி மெல்லிசான நாய் என்றால் சடையைக் கொஞ்சம் தடிமனாகவே விடுவது நல்லது.

கையால் பிரியவே மாட்டேன் என்கிற அடையும் வரும். அக்குளிலும் கழுத்துப்பட்டை உரசும் இடத்திலும் கட்டாயம் வரும். அப்போது முனை மழுங்கிய கத்தரிக்கோலை எடுத்து, தோலிலிருந்து ஒரு விரல் தள்ளி வைத்து, நுனியை நோக்கி நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டுங்கள். குறுக்கே ஒருபோதும் வெட்டக்கூடாது. பாதி வழி விட்டதும் மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும்.

ஒரு பகுதியை முடித்துவிட்டு மறுநாள் அடுத்த பகுதி. ஒரு வாரத்தில் உடம்பு ஒரு சுற்று வரும். சுற்று முடியும்போது முதல் நாள் பிரித்த தொடையில் மறுபடி ஒட்டியிருக்கும். மனம் தளர வேண்டாம், அது அப்படித்தான். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்தான் வேலை உச்சத்தில் இருக்கும். கருப்பனுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டு வயதைத் தாண்டியதும் சடை இறுகி, தனக்கென்று ஒரு வடிவம் பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வேரில் புதிதாக முளைத்த முடி பக்கத்துச் சடையோடு கைகோத்திருக்கிறதா என்று பார்த்து விலக்கிவிடுகிறேன். அது நாயின் ஆயுள் முழுக்கத் தொடரும். தரையைத் தொட நான்கைந்து வருடம் ஆகும். ஹங்கேரி இனவரையறைப்படி இடுப்பிலும் பின்தொடையிலும் முடி 20 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். இனத்தின் உயரமே ஏறக்குறைய 36 முதல் 45 செ.மீ. என்பதால் அந்த நீளமே தரைக்கு அருகில் கொண்டுவந்துவிடும்.

கை துறுதுறுக்கும் சில காரியங்கள்

தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சிக்கைப் பார்த்ததும் கை தேங்காய் எண்ணெயைத் தேடும். வேண்டாம். சடைக்குள் போன எண்ணெய் வெளியே வராது. தூசியைப் பிடித்து வைத்துப் பிசுக்காகி, கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். கண்டிஷனரும் அப்படித்தான். முடியை வழுக்கிவிட்டு முறுக்கைத் தளர்த்துவதுதான் அதன் வேலை, நமக்கு வேண்டியது நேர் எதிர். சீப்பு, பிரஷ் எதுவும் சடை பக்கம் போகக்கூடாது. சடையை உள்ளங்கையில் வைத்து உருட்டி முறுக்குவதும் தேவையில்லை. பிரித்தால் போதும், முறுக்கு தானாக வரும்.

நாயை அழகு நிலையத்தில் விடுகிறவர்கள் முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிட்டு விடுங்கள். பத்து மாதத்தில் நகம் வெட்ட மட்டும் கருப்பனை ஓரிடத்தில் விட்டேன். திரும்பி வரும்போது ஒரு தோள்பட்டை முழுக்கச் சீவி எடுத்து, பஞ்சு போல உப்பி நின்றது. அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள். அந்தத் தோளின் சடை மற்ற இடத்தை எட்டிப் பிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

குளியல்

சடை பழுத்த நாய்க்கு வருடத்தில் மூன்று அல்லது நான்கு குளியல் போதும் என்பது என் அனுபவம். இளம் நாய்க்குக் கொஞ்சம் அதிகமாகவே செய்யலாம். நனைந்து காயும் ஒவ்வொரு தடவையும் முடி இறுகும், சடை கெட்டிப்படும். ஆனால் இரண்டு நாள் முழுசாகக் கையில் இல்லை என்றால் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். குளிப்பாட்டுவதற்கு முந்தைய நாள் எல்லாச் சடையையும் பிரித்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் சடை நனைந்து காய்ந்தால் ஒட்டினது ஒட்டினதுதான்.

நனைப்பதே பெரிய வேலை. மேலே தண்ணீர் ஊற்றினால் வாத்து முதுகில் ஊற்றியது போல வழிந்து ஓடும். தொட்டியில் வெதுவெதுப்பான நீரை நாயின் வயிறு வரை நிரப்பி, கைக்குழாயின் வாயைத் தோலோடு ஒட்டவைத்து உள்ளிருந்து வெளியே நனைக்க வேண்டும். கருப்பனுக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. ஷாம்புவை அப்படியே ஊற்றாதீர்கள். ஒரு பங்கு ஷாம்புக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கூர்வாய் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, வகிட்டுக் கோடுகளில் தோல்மேல் பீய்ச்சுங்கள். விரல் நுனியால் தோலைத் தேய்க்கலாம். சடையைத் தேய்க்கக் கூடாது, கசக்கக் கூடாது. இட்லித் துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிவோமே, அந்த மாதிரி ஐந்தாறு சடையைச் சேர்த்துப் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு அழுத்தி அழுத்திப் பிழியுங்கள். முதல் தடவை வரும் தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம்.

அலசுவதற்கு ஷாம்பு போட்டதைப் போல இரண்டு மடங்கு நேரம். பிழிந்தால் வரும் தண்ணீரில் நுரை இல்லை, வழவழப்பு இல்லை என்று ஆன பிறகும் இன்னொரு முறை தண்ணீர் விட்டு அலசுங்கள். சடைக்குள் தங்கிய ஷாம்பு அரிப்பைத் தரும். நாய் சொறியும். சொறிந்த இடம் புண்ணாகும். வெளியே இருந்து உங்களுக்கு எதுவும் தெரியாது.

காயவைப்பது

சடைநாய் வளர்ப்பதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு தப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கருப்பனின் மூன்றாவது வயதில், ஒரு நவம்பர் மாதம், வெளியே மூடுபனி, வீட்டுக்குள் சூடேற்றி மிதமாக ஓடிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, மின்விசிறி வைத்தேன். மறுநாள் காலை தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. விசிறியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஈரத் துணியைப் பைக்குள் மூடி வைத்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. சடையைப் பிரித்துப் பார்த்தால் வேரில் ஈரம் அப்படியே நின்றிருந்தது. வயிற்றுப் பக்கம் பூஞ்சணம் பிடித்து, தோல் சிவந்திருந்தது. வயிற்றிலும் உள்தொடையிலும் இருந்த சடையை மழித்து எடுத்து, கால்நடை மருத்துவர் கொடுத்த மருந்தைத் தடவி, மூன்று வாரத்தில் தேறினான். அவன் படுத்தபடி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதன் பிறகு நான் செய்வது இது. தொட்டியிலேயே கால் மணி நேரம் நிற்கவைத்துச் சடை சடையாகப் பிழிகிறேன். சொட்டுவது நின்ற பிறகுதான் துண்டு. துவட்டக் கூடாது, ஒற்றிப் பிழிய வேண்டும். துண்டுக்குள் ஒரு பிடிச் சடையை வைத்து இரண்டு கையாலும் முறுக்காமல் அழுத்துகிறேன். ஒரு துண்டு நனைந்ததும் அடுத்தது. பன்னிரண்டு, பதினைந்து துண்டு போகும். நேனி சொன்ன இருபது துண்டின் பொருள் அன்றுதான் புரிந்தது. அப்புறம் நாய்களுக்கென்று விற்கும் காற்றூதியால், சூடு இல்லாத காற்றை, வேரிலிருந்து நுனியை நோக்கி ஊதுகிறேன். தண்ணீர் நுனியில் துளித்துளியாகத் தெறிக்கும். தலைக்குச் சூடான காற்றை அடிக்கும் டிரையர் வேண்டாம். வெளியே வறண்டு, உள்ளே வெந்துபோகும்.

பிறகு இரண்டு மின்விசிறிக்கு நடுவில் கம்பித் தட்டு போட்ட மேடையில் படுக்க வைக்கிறேன், அடியிலும் காற்று போகும்படி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போட வேண்டும். முழுசாகக் காய ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் பிடிக்கும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கையை நம்பாதீர்கள். தடிமனான சடையாக ஒன்றை எடுத்து, வேரோரம் மடக்கி, உங்கள் கன்னத்திலோ மேலுதட்டிலோ வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காது மடலின் அடி, அக்குள், வால் தொடங்கும் இடம், உள்தொடை, இந்த நான்கு இடத்திலும் பார்த்துவிட்டுத்தான் நான் விசிறியை நிறுத்துகிறேன். மழையில் நனைந்து வந்தாலும், பனியில் புரண்டு வந்தாலும் இதே பரீட்சைதான்.

அன்றாடம்

தாடி முதலில். சாப்பிடும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் தாடிச் சடை முழுக்க நனையும், உணவு ஒட்டும், காய்ந்து நாறும். காதுச் சடையையும் தாடியையும் தளர்வான ரப்பர் வளையத்தால் பின்னுக்குக் கட்டிவிட்டுச் சாப்பாடு வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம் குறுகலாக, ஆழமாக இருக்கட்டும். சாப்பிட்டதும் ஈரத்துணியால் துடைத்து ஒற்றிவிட்டு வளையத்தைக் கழற்றிவிடுங்கள். வளையம் நாள் கணக்கில் கிடந்தால் சடை அந்த இடத்தில் அறுந்துவிடும்.

கண்ணை மறைக்கும் சடையைத் தூக்கிக் கட்டினால் வெளிச்சம் பட்டுக் கண் கெட்டுவிடும் என்று இங்கேகூடச் சிலர் சொல்வார்கள். அப்படியெல்லாம் கெடாது. வீட்டுக்குள் நான் தூக்கிக் கட்டியே வைக்கிறேன். அவனுக்கும் பார்க்கச் சுலபம், எனக்கும் அவன் கண்ணில் பீளை இருக்கிறதா என்று தெரியும்.

மலவாயைச் சுற்றி இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள். வாலும் சடையும் மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது. ஆண் நாய் என்றால் வயிற்றில் சிறுநீர் படும் இடத்திலும் அப்படியே. கண்காட்சிக்குப் போகாத நாய்க்கு இதில் தயங்க ஒன்றும் இல்லை. பாதத்தில், விரல் மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியை மாதம் ஒரு முறை வெட்டுங்கள். இல்லாவிட்டால் சின்னக் கல் மாதிரி கெட்டித்து நடக்கும்போது குத்தும். காதுக்குள் காற்றோட்டம் குறைவு. வாரம் ஒரு தடவை காது மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வாடை வந்தாலோ உள்ளே சிவந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்துப்பட்டை எப்போதும் கழுத்தில் கிடக்க வேண்டாம். வெளியே போகும்போது மட்டும், உருண்டையாகத் தைத்த தோல்பட்டை போதும். மார்போடு மாட்டும் வார் அக்குளில் உரசி அடை போட வைக்கும்.

நடந்து வந்ததும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒட்டுப்புல்லும் முள்விதையும் அன்றைக்கே எடுத்தால் விரலோடு வந்துவிடும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் சடையை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

உண்ணி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹங்கேரியில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் உண்ணித் தொல்லை அதிகம். பபேசியோசிஸ் என்ற ரத்த நோயை உண்ணி பரப்புகிறது. சடைக்குள் ஒளிந்த உண்ணி கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் கண். வகிட்டுக் கோடுகளில் விரல் நுனியை மெதுவாக நகர்த்துங்கள். பட்டாணி மாதிரி, மிளகு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் நிறுத்திப் பாருங்கள். பிரிக்கும் வேலையைச் செய்யும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்.

தோல்மேல் விடும் சொட்டு மருந்து என்றால், சடையை விலக்கித் தோல் தெரிகிற இடத்தில்தான் விட வேண்டும். சடையின் மேல் விட்டால் சடை குடித்துவிடும், நாய்க்குப் பாதுகாப்பு இருக்காது. கருப்பனுக்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரைக்கு மாறிவிட்டேன். குளியலால் பாதிக்கப்படாது என்பது கூடுதல் நிம்மதி. நாய் சோர்ந்து படுத்து, சாப்பாட்டை ஒதுக்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே மருத்துவமனை.

வெயில்

இங்கே கோடையில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கருப்பனை விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான் வெளியே கூட்டிப்போகிறேன். பகலில் தரை ஓடு பதித்த அறையில் கிடப்பான்.

போன வருடம் அக்கா மகன் சென்னையிலிருந்து கேட்டான்: "மாமா, இங்க ஒண்ணு வாங்கி வளர்க்கலாமா?" நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "வளர்க்கலாம்டா, ஆனா சடை வேண்டாம்." கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் சடையின் வேர் காய்வது மிகவும் கஷ்டம். குளிரூட்டிய அறையில் வைத்துக் காயவைத்தாலும் வெளியே போய் வந்தால் மறுபடி ஈரம் குடிக்கும். அப்படிப்பட்ட ஊரில் முடியை இரண்டு விரல் உயரத்துக்குக் கத்தரித்தே வைத்திருப்பதுதான் நாய்க்குச் செய்யும் நல்லது. புலியின் சுறுசுறுப்பும் புத்தியும் முடியில் இல்லை.

இந்த இனம் இன்று இருப்பதற்குக் காரணமானவர்களில் ஒருவர் எமில் ராய்ச்சிச். 1912-இல் புடாபெஸ்ட் மிருகக்காட்சிச் சாலையில் புலி நாய்களை முறையாக இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார். ஆட்டிடையர்கள் நிறத்துக்கும் சடைக்கும் முன்னால் பார்த்தது வேலையைத்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டால், ஊருக்கு ஏற்றபடி முடியைக் கத்தரிக்க மனம் தயங்காது.

மழிக்க வேண்டி வந்தால்

தோல் நோய், அறுவைச் சிகிச்சை, முதுமை, அல்லது உங்கள் வீட்டுச் சூழல், எதனாலும் மழிக்க நேரலாம். சடை முழுக்க ஒரே அடையாகிவிட்ட நாயைத் தத்தெடுத்திருந்தாலும் பிரித்துக் காப்பாற்றப் பார்க்காமல் மழித்துவிடுவதே கருணை. கத்தரிக்கோலால் முதலில் சடையை இரண்டு விரல் மேலே வெட்டி எடுங்கள், கனம் குறையும். அதன் பிறகு மின் மழிப்பானை முடி வளரும் திசையில், அழுத்தாமல் ஓட்டுங்கள். கத்தி சூடாகிறதா என்று அடிக்கடி உங்கள் முழங்கையில் தொட்டுப் பாருங்கள். அக்குள், காது மடல் ஓரம், தொடை மடிப்பு, இந்த இடங்களில் தோல் மெல்லியது. அடையோடு சேர்ந்து மேலே இழுபட்டு நிற்கும். அங்கே ஒரு கையால் தோலைத் தட்டையாக இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கத்தியை நகர்த்த வேண்டும்.

இத்தனை நாள் வெயில் காணாத தோல் அது. முதல் சில வாரம் உச்சி வெயிலில் விடாதீர்கள், குளிர் என்றால் மேலே ஒரு சட்டை போடுங்கள். நாய் இரண்டு மூன்று நாள் ஒரு மாதிரி விலகியிருக்கும், மூலையில் போய்ப் படுக்கும். கூடவே உட்கார்ந்திருங்கள். முடி ஒரு விரல் நீளம் வந்ததும் காதுக்குப் பின்னால் மறுபடி விரலை வைத்துப் பார்க்கத் தொடங்குங்கள். முதல் அடை பெரும்பாலும் அங்கேதான் தட்டுப்படும்.